போர் போடுவதா, லாரி பேசுவதா, பழைய கிணற்றைத் தூர் வாருவதா?

எங்கள் நலச்சங்கத்தின் கணக்கில் இப்போது 3,20,000 ரூபாய் இருக்கிறது. 64 வீடுகள், வீட்டுக்கு ஐயாயிரம். தெருவின் தண்ணீர்க் கஷ்டத்துக்கு ஒரு வழி செய்வோம் என்று சொல்லித்தான் வாங்கினோம். வீடு வீடாகப் போய்க் கேட்டவர்களில் நானும் ஒருத்தி. பொருளாளர் என்ற முறையில் ரசீதில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் கை தூக்குவதற்கு முன்னால், வந்திருக்கும் யோசனைகளை ஒவ்வொன்றாக அலசிப் பார்த்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். இதே நிலையில் இருக்கும் மற்ற தெருக்காரர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும்.

நாங்கள் இருப்பது மடிப்பாக்கம் பக்கம். மேற்கே பரங்கிமலை, கிழக்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். அடுத்த மே மாதம் அதே தெருவில் தண்ணீர் லாரி. ஐந்தே மாதம் இடைவெளி.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி ஒன்றில் இது சுமார் 1,30,000 லிட்டர். ஆவியாவது, வழிவது எல்லாம் போக ஒரு லட்சம் லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 12,000 லிட்டர் லாரி எட்டு நம் தலைக்கு மேலேயே வந்து கொட்டிவிட்டுப் போகிறது. அதைப் பிடித்துவைக்க இடம் இல்லாமல் வாய்க்காலில் விட்டுவிட்டு, கோடையில் யாரோ ஒருவர் ஊர் நிலத்தடியிலிருந்து எடுத்ததைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

ஒவ்வொரு யோசனையையும் நான் மூன்று கேள்வி வைத்துப் பார்த்தேன். போடும் செலவும் பிறகு ஆண்டுதோறும் ஆகும் செலவும் எவ்வளவு? மே மாதம் தண்ணீர் தருமா? அந்தத் தண்ணீர் யார் யாருக்குக் கிடைக்கும்? மூன்றாவது கேள்வியைக் கூட்டங்களில் யாரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் முக்கியம். தெருக்கோடியில் அயர்ன் கடை வைத்திருக்கும் அண்ணன் வீட்டில் சம்ப், அதாவது தரைக்கு அடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டி, கிடையாது. பின்பக்கப் போர்ஷன்களில் வாடகைக்கு இருக்கும் ஒன்பது பத்துக் குடும்பங்களுக்கும் கிடையாது. லாரி வந்தாலும் அவர்களால் வாங்கிவைக்க முடியாது. போன மே மாதம் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு எங்கள் வீட்டுச் சம்ப்பில் லாரி தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தது. ஹோஸ் இணைப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அயர்ன் கடை அக்கா அந்தச் சொட்டுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் குடத்தை வைத்துவிட்டு, பேசாமல் ஓரமாக நின்றார். லாரி போவதற்குள் குடம் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. அந்தக் காட்சி என்னை விட்டுப் போகவில்லை.

பொது போர்

மூலைவீட்டு மாமா உள்பட பாதிப் பேர் இதைத்தான் விரும்புகிறார்கள். பூங்கா ஓரத்தில் 400 அடிக்கு ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டு, மோட்டார் இறக்கி, எல்லா வீட்டுக்கும் குழாய் இழுப்பது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்தால் ஒரே இரவில் முடிந்துவிடும். மறுநாள் காலையில் தண்ணீர் பீய்ச்சி அடிப்பதைப் பார்க்கலாம். பார்க்கக் கிடைக்கிற வேலை என்பதால்தான் இதற்கு இவ்வளவு ஆதரவு என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்களுக்கு வந்த கொட்டேஷனில் துளையிடுவது, கேசிங், மோட்டார், கேபிள் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்தைத் தாண்டியது. குழாய் இழுக்கும் செலவு தனி. ஆழம் கூடக் கூட அடிக்கு ஆகும் கூலியும் ஏறும். சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கு 1987இலிருந்து நிலத்தடி நீர் முறைப்படுத்தும் சட்டம் இருக்கிறது. புதிதாகக் கிணறோ போரோ தோண்ட அனுமதி வாங்க வேண்டும். "எல்லாரும் போடுகிறார்கள், யார் கேட்கிறார்கள்" என்று ஒருவர் சொன்னார். பதிவு செய்த சங்கத்தின் பெயரில், ரசீது போட்டு வாங்கிய பணத்தில் அப்படிச் செய்ய நான் ஒப்ப மாட்டேன்.

சரி, அனுமதி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடியில் என்ன இருக்கிறது? எங்கள் பகுதியில் மேலே களிமண், அதற்குக் கீழே சிதைந்த பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. பல்லாவரம், பரங்கிமலை வட்டாரத்தில் கிடைக்கும் இந்தப் பாறைக்குச் சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைதான் என்பதால் 1893இல் அந்தப் பெயர் வந்தது. பரங்கிமலையில் அது தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாகவே இருக்கிறது. அழகான, உறுதியான கல். ஆனால் தண்ணீர் அதற்குள் ஊறாது, விரிசல்களில் மட்டுமே நிற்கும். 400 அடியில் ஒரு விரிசல் அகப்பட்டால் அதிர்ஷ்டம். அகப்படாவிட்டால் கல்தூளுக்குப் பணம் கொடுத்ததாகிவிடும். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் காட்டிய இடத்தில் போட்டு, 350 அடி வரை வெறும் புழுதியாகவே வந்த கதை அடுத்த தெருவிலேயே இருக்கிறது.

தண்ணீர் கிடைத்தாலும் எனக்கு இன்னொரு கவலை உண்டு. நாம் 400 அடியில் இழுத்தால் பக்கத்து வீடுகளில் 150 அடியிலும் 200 அடியிலும் இருக்கும் போர்கள் வற்றலாம். அவர்கள் 500க்குப் போவார்கள். 2019 கோடையில் இதைக் கண்ணாலேயே பார்த்தோம். மாதம் ஒரு வீட்டு வாசலில் ரிக் வண்டி நின்றது. ஆழம் போகப் போகத் தண்ணீரில் உப்பும் ஏறுகிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவுப்படி டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாதபோது 2,000 வரை ஏற்கலாம். எங்கள் வீட்டுப் போர் தண்ணீர் கோடையில் 1,800ஐத் தொடுகிறது. குழாய் முனையெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது.

லாரி ஒப்பந்தம்

சங்கமே ஒரு லாரிக்காரரோடு மொத்தமாக விலை பேசி, ஏப்ரல் முதல் ஜூன் வரை தேவைப்படும் வீடுகளுக்கு இறக்கச் சொல்வது. முதலீடு இல்லை, தோண்டும் வேலை இல்லை, போன் போட்டால் போதும். வேலைக்குப் போகும் வீடுகளுக்கு இந்த நிம்மதி பெரிது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கணக்கு நிற்கவில்லை. இருபது வீட்டுக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு லாரி என்றால் மூன்று மாதத்தில் 120 லாரி. லாரி 1,500 ரூபாய் என்று வைத்தாலும் 1,80,000. இரண்டாவது கோடை முடிவதற்குள்ளேயே பணம் காலி. அதற்குப் பிறகு கையில் ஒரு குழாய்கூட மிஞ்சாது. மொத்தமாகப் பேசிய விலையும் நல்ல வருஷத்துக்குத்தான் செல்லும். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த சமயத்தில் தனியார் லாரி விலை இரண்டு மூன்று மடங்கானது. பணம் வைத்திருந்தவர்களுக்கும் வாரக்கணக்கில் லாரி வரவில்லை. 2018இலும் 2019இலும் லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது எங்கள் தெரு தவித்தது இன்னும் நினைவிருக்கிறது. தண்ணீர் மிக அவசியமாகிற வருஷத்தில் கையை விரித்துவிடும் ஏற்பாடு இது. சம்ப் இல்லாத வீடுகளுக்கு எந்த வருஷத்திலும் இதனால் பயன் இல்லை.

குழாய் இணைப்புக்குக் காத்திருப்பது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது ஆலை, நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் திறன் கொண்டது, 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தென்சென்னைப் பகுதிகளை மனதில் வைத்துக் கட்டியதுதான் அது. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் குழாய்த் தண்ணீர்தான் சரியான வழி, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகள் இணைப்பு வாங்கிவிட்டன. மீதிப் பேர் இன்னும் விண்ணப்பமே கொடுக்கவில்லை. வீட்டு வரி ரசீதில் பெயர் மாற்றாதது, சொத்து அண்ணன் தம்பிகளுக்குள் பிரியாதது என்று ஆளுக்கு ஒரு காரணம். இதற்குச் சங்கப் பணம் வேண்டாம். காகிதங்களைச் சேர்த்துக் கொடுக்க இரண்டு பேரின் நேரம் வேண்டும். மெட்ரோ வாட்டர் எனப்படும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் பகுதி அலுவலகங்களில் மாதம் தோறும் இரண்டாவது சனிக்கிழமை குறை கேட்கும் கூட்டம் நடக்கிறது. அதற்குக் கூட்டமாகப் போகலாம். எந்த யோசனை ஜெயித்தாலும் இந்த வேலை அதோடு சேர்ந்து நடக்கட்டும்.

பழைய கிணறு

எங்கள் நகர் மனையாகப் பிரிவதற்கு முன்னால் இங்கே வயல். அந்த வயலின் கிணறு, பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தில் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் இன்னும் இருக்கிறது. எதிர்வீட்டுப் பாட்டி சித்திரை மாதத்திலும் அதில் தண்ணீர் இறைத்திருக்கிறார். பிறகு போர் வந்தது, கிணறு தேவைப்படவில்லை. மேலே சிமெண்ட் பலகை போட்டு மூடி, காய்ந்த மாலைகளையும் உடைந்த பொம்மைகளையும் அதில் போட ஆரம்பித்தோம்.

போன ஏப்ரலில் நாங்கள் நாலு பேர் பலகையை நகர்த்தினோம். பழைய செங்கல் சுவர் அப்படியே இருந்தது. இரண்டு இடத்தில் அரசமரக் கன்று வேர் விட்டிருந்தது. ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினேன். 31 அடியில் கல் பொத்தென்று சேற்றில் உட்கார்ந்தது. மேலே இழுத்தபோது கயிறு கடைசி ஏழு அடிக்கு நனைந்திருந்தது. ஏப்ரல் மாதம், அந்தத் தெருவில் எட்டு வீட்டுப் போர் காற்றைக் கக்கிக்கொண்டிருந்த வாரம், 24 அடியில் தண்ணீர்! விட்டம் 15 அடி. இந்த அகலக் கிணற்றில் ஒரு அடி உயரத் தண்ணீர் என்றால் 5,000 லிட்டர். ஏழு அடிக்கு 35,000, ஏறக்குறைய மூன்று லாரி.

ஒரு மோட்டாரை இரவல் வாங்கி இரண்டு மணி நேரம் இறைத்துப் பார்த்தோம். இரண்டு அடி இறங்கியது. மறுநாள் காலை அதே கயிற்றை விட்டேன், மட்டம் பழையபடி 24 அடிக்கே வந்திருந்தது. தூர் வாராத கிணற்றில், கோடையில், ஒரே இரவில் 10,000 லிட்டர் ஊறியிருக்கிறது. நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசாங்கக் கணக்கு. நாலு பேர் குடும்பத்துக்கு 540. தண்ணீருக்கு அலையும் இருபது வீட்டுக்கு 10,000 லிட்டரைப் பிரித்தால் வீட்டுக்கு 500 வருகிறது. ஒரு நாள் சோதனையை வைத்து மே கடைசி வரை இப்படியே ஊறும் என்று சொல்ல மாட்டேன். பாதியாகக் குறைந்தாலும் 250 லிட்டர், துவைக்கவும் கழுவவும் கழிப்பறைக்கும் போதும்.

அகலக் கிணறு 400 அடி போரை விடத் தாங்குவதற்குக் காரணம் எளிது. அது மேல்மட்டத்தில், சிதைந்த பாறையில் ஊறும் தண்ணீரை நாலா பக்கமும் வாங்குகிறது. அந்த மேல்மட்டத்தை மழையால் நிரப்பவும் முடியும். ஆகவே யோசனையின் இரண்டாவது பாதி, கிணற்றைச் சுற்றி நாலு உறிஞ்சு கிணறுகள். மூன்று அடி அகலத்தில் பதினைந்து அடிக்குச் சிமெண்ட் உறை இறக்கி, பக்கத்து வீடுகளின் மொட்டை மாடித் தண்ணீரை வடிகட்டி அதில் விடுவது. உறைகிணறு நமக்குப் புதிதல்ல, கீழடி அகழாய்விலேயே சுடுமண் உறைகிணறுகள் கிடைத்திருக்கின்றன. எங்கள் மண்ணுக்கு இந்த ஆழம் அவசியம். நாலு அடிக் குழி தோண்டி ஜல்லி கொட்டினால் களிமண்ணுக்கு மேலேயே தண்ணீர் நின்று கொசு வளரும்.

இதற்கு எதிராகச் சொன்னவற்றில் நியாயமானவை இருக்கின்றன. டிசம்பரில் நிலத்தடி நீர் தரை வரை ஏறிவிடும்போது உறிஞ்சு கிணறு எதை உறிஞ்சும் என்று கேட்டார்கள். உண்மைதான், வெள்ளத்துக்கு இது மருந்து இல்லை. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை நேரங்களில் அடித்துப் பெய்யும் மழையே 400 மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது. அப்போது நிலம் தாகமாக இருக்கும், நமக்கு வேண்டியது அந்தத் தண்ணீர்.

செப்டிக் டேங்க் கசிவு இன்னொரு பயம். சில வீடுகளில் அது இன்னும் இருக்கிறது. எனவே இந்தத் தண்ணீர் குடிக்கவோ சமைக்கவோ கூடாது என்று கிணற்றடியிலேயே எழுதிப் போட வேண்டும், ஆண்டுக்கு இரண்டு முறை ஆய்வுக்கூடத்தில் பார்க்க வேண்டும். தெருத் தண்ணீரைக் கிணற்றிலோ வற்றிய போரிலோ நேராக விடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். வண்டி எண்ணெயும் சாக்கடையும் கலந்த தண்ணீர் அது, மண் வழியாக வடியாமல் உள்ளே போகவே கூடாது.

தூர் வார இறங்கும் ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல வருஷம் மூடிக் கிடந்த கிணற்றில் விஷவாயு இருக்கும். காற்றோட்டம் கொடுத்து, வாயுவைச் சோதித்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஆள் நிற்காமல் யாரையும் இறக்கக் கூடாது. இதையெல்லாம் சேர்த்த கொட்டேஷன் அதிகமாகத்தான் வந்தது. குறைந்த தொகைக்குச் செய்கிறேன் என்றவரிடம் இவை எதுவும் இல்லை. அந்த மிச்சம் நமக்கு வேண்டாம்.

உண்மையான பலவீனம் பராமரிப்பு. 2003இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானபோது இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் குழாய் வைத்தோம். போன மாதம் எங்கள் வீட்டு வடிகட்டித் தொட்டியைத் திறந்து பார்த்தேன். மணல் சிமெண்ட் போல இறுகிக் கிடந்தது, மேலே நாலு விரற்கடை உயரத்துக்கு மக்கிய வேப்பிலை, நடுவில் ஒரு கிரிக்கெட் பந்து. எத்தனை வருஷ மழை அதன் மேல் வழிந்து தெருவுக்குப் போயிருக்கும்! ஆண்டுதோறும் மே கடைசியில் ஒரு தடவை, செப்டம்பர் கடைசியில் ஒரு தடவை மணலை அள்ளிக் கழுவிப் போட ஆள் இல்லையென்றால் உறிஞ்சு கிணறும் இந்தக் கதிக்குத்தான் வரும். போருக்கு மோட்டார் ரிப்பேர், லாரிக்குப் பணம், கிணற்றுக்கு ஆள். நம்மிடம் அதிகம் இருப்பது எது என்று பார்த்தால், ஓய்வு பெற்றவர்கள் பதினைந்து பேர் தினமும் காலையில் அந்தப் பூங்காவிலேயே நடக்கிறார்கள்.

என் கணக்கு

கிணற்றைத் தூர் வாரி, சுவர் பூசி, குழந்தைகள் விழாதபடி இரும்பு வலை போட 90,000. நாலு உறிஞ்சு கிணறுகளுக்கு 1,40,000. மோட்டார், மின் இணைப்பு, ஒரு சின்டெக்ஸ் தொட்டி, அதன் கீழே தெருவைப் பார்த்து நாலு குழாய், இதற்கு 40,000. ஆக மொத்தம் 2,70,000. மீதி 50,000ஐத் தனியாக வைப்போம். மே மாதத்தில் மட்டம் 28 அடிக்குக் கீழே போனால், அந்தப் பணத்தில் லாரி வரவழைத்து அதே சின்டெக்ஸ் தொட்டியில் இறக்கலாம். சம்ப் இல்லாதவர்களும் பிடித்துக்கொள்வார்கள்.

இடம் மாநகராட்சிப் பூங்கா என்பதால் அனுமதி இல்லாமல் ஒரு மண்வெட்டிகூடப் படக் கூடாது. வார்டு கவுன்சிலரிடமும் மண்டல அலுவலகத்திலும் கொடுக்கக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும் நமக்கு நாமே திட்டத்தில் இது வருமா என்றும் அதிலேயே கேட்டிருக்கிறேன். வந்தால் நம் பணத்தில் இன்னும் நாலு உறை இறக்கலாம். கிணறு அடிமட்டத்தில் இருக்கும் மே மாதத்துக்குள் தூர் வாரி முடிக்க வேண்டும், ஜூன் மழை வந்துவிட்டால் இறங்க முடியாது.

மூலைவீட்டு மாமா இன்னும் போர் பக்கம்தான். நேற்று மாலை அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கயிற்றை அவர் கையிலேயே கொடுத்தேன். கல் கட்டி இறக்கினார், இழுத்தார், நனைந்த இடத்திலிருந்து நுனி வரை முழம் போட்டு அளந்தார். நாலரை முழம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அந்தக் கயிற்றையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்.